வலிக்கிற பல் எது?

ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பன் பக்கம் என்று வைத்துக்கொள்வோம், கிளினிக் நடத்தும் பல் மருத்துவர் ஒருவர் மனநல மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 37. அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா மீன்பிடித் தொழிலாளி. இருந்த ஒரே நாட்டுப்படகை விற்று, அம்மாவின் நகையையும் அடகு வைத்து, மகனைத் தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். படிக்க வைத்தார்கள். ஒன்பது வருடமாக ஊரிலேயே கிளினிக். இரண்டு வருடத்துக்கு முன் வங்கிக் கடனில், நோயாளியை உட்காரவைக்கும் புது சேர் ஒன்றும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் வாங்கினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஊரில் காசு புழங்காது. பல்வலிக்காரர்கூடக் கிராம்பை வைத்து ஒப்பேற்றிவிடுவார். இந்த வருடம் தடைக்காலம் முடிந்தும் வருமானம் எழவில்லை. இரண்டு தவணை தவறிவிட்டது, மூன்றாவது வரப்போகிறது. வசூல் ஏஜென்ட் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார்.

இதற்கு நடுவில், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவருக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யும்போது, வேரைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற ஊசி போன்ற கருவியின் நுனி உள்ளே உடைந்து நின்றுவிட்டது. நோயாளியிடம் வாயால் சொன்னார். கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. இப்போது 5 லட்ச ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ்.

போன வருடம், கூடப் படித்த நெருங்கிய நண்பர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் கைகூப்பும் படங்கள் வந்தன. மூன்றாம் நாள் இம்ப்ளான்ட் பயிற்சி விளம்பரம் வந்தது. அன்றிலிருந்து, பல் மருத்துவர்கள்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற செய்தியைத் தேடித் தேடிப் படிக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. கழுத்து வலி, வலது கை விரல்களில் மரமரப்பு. தூக்கத்துக்குத் தனக்குத் தானே மாத்திரை எழுதிக்கொள்கிறார். சில இரவுகளில் குடியும் உண்டு. மனைவி பள்ளி ஆசிரியை. அவருக்குக் கடன் பாதி தெரியும், மீதி எதுவும் தெரியாது.

"சாகணும்னு உட்கார்ந்து திட்டம் போடவில்லை. காலையில் விழிக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு மூன்று முறை யோசனை அதற்கு மேலும் போயிருக்கிறது" என்று எழுதிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இது என் தொழிலின் தலையெழுத்தா? மனநல மருத்துவரிடம் போனால் என் பதிவு போய்விடுமா, 'ஏர்வாடி கேஸ்' என்று ஊர் சொல்லாதா? கிளினிக்கை மூடிவிடலாமா?

தம்பி, உங்கள் கேள்விகளுக்கு வருமுன் கேளாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "யோசனை அதற்கு மேலும் போயிருக்கிறது" என்ற அந்த வரிக்கு அவசர சிகிச்சை வேண்டும். நெஞ்சுவலி என்று எழுதியிருந்தால் பதில் வரட்டும் என்று காத்திருக்க விடுவேனா? அதே மாதிரிதான் இதுவும்.

இன்று இரவு செய்ய வேண்டியது

இதைப் படித்து முடித்ததும் மனைவியிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தால் சொல்லவே மாட்டீர்கள், அதனால் வார்த்தையையும் நானே தருகிறேன்: "எனக்கு உடம்பு சரியில்லை. ரொம்ப நாளா தூக்கம் இல்லை. செத்துப்போயிடலாம்னுகூடத் தோணுது. நீ பயப்படாதே, ஆனா என்கூட டாக்டர்கிட்ட வா." இவ்வளவு போதும். கடன் கணக்கு, நோட்டீஸ் எல்லாம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் மேல் பாரத்தை ஏற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்று மணிக்குப் பக்கத்துப் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, காரணம் தெரியாமல் இருக்கிறாரே, அந்தப் பாரம் ஏற்கெனவே அவர் மேல்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மனைவிமார் பலரை என் அறையில் பார்த்திருக்கிறேன். "வேறு யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன் டாக்டர்" என்று அழுதவர்கள் உண்டு. விஷயம் தெரிந்ததும் அவர்கள் உடைந்துபோவதில்லை. அடுத்து என்ன செய்யணும் என்றுதான் கேட்பார்கள்.

கிளினிக் மருந்து அலமாரியின் சாவி இன்றிலிருந்து உங்களிடம் இருக்க வேண்டாம். மனைவியிடமோ உங்கள் உதவியாளரிடமோ கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையும் மனைவி வைத்துக்கொண்டு அந்தந்த நாளுக்கு உரியதை மட்டும் தரட்டும். இது உங்கள் மேல் உள்ள அவநம்பிக்கை இல்லை. தற்கொலை எண்ணம் அலை மாதிரி எழும்பும், உச்சிக்கு வரும், அடங்கும். மிக மோசமான கட்டம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். மருத்துவம் சார்ந்த தொழிலில் இருக்கும் நமக்கு மருந்து எப்போதும் கையருகே இருக்கிறது. நம் தொழிலில் உண்மையான ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்.

மனைவியிடம் சொல்ல நா எழவில்லை என்றால் 14416. டெலி-மானஸ், அரசின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இதே வேலையைச் செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பெயர் சொல்லாமலும் பேசலாம். எண்ணம் கட்டுக்கடங்காமல் போனால் தனியாக இருக்காதீர்கள். 108 கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குடி வேண்டாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் அது உடம்புக்கே ஆபத்து. தனியாகக் குடித்தாலும் மனத்தின் பிடியைத் தளர்த்திவிடும்.

தொழிலின் தலையெழுத்தா?

ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார். "மேல் பல்தான் டாக்டர், பிடுங்கிருங்க, இந்தப் பக்கம் எல்லாத்தையும் பிடுங்கிருங்க" என்கிறார். நீங்கள் பிடுங்குவீர்களா? தட்டிப் பார்ப்பீர்கள், குளிர்ச்சி வைத்துப் பார்ப்பீர்கள், எக்ஸ்ரே எடுப்பீர்கள். பல சமயம் வலி கீழ்க் கடைவாயில் இருக்கும், அவர் மேலே கையைக் காட்டிக்கொண்டிருப்பார். முதலில் வலியை அடக்குவீர்கள். எந்தப் பல்லை என்ன செய்வது என்பதை அப்புறம்தான் பேசுவீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் 'தொழில்' என்ற பல்லைக் காட்டுகிறீர்கள். எனக்கு அது வலிக்கிற பல்லாகத் தெரியவில்லை.

பல் மருத்துவர்களின் தற்கொலை பற்றிய பேச்சு மேல்நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் அது உறுதியான முடிவு அல்ல. 2001-ம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பல் மருத்துவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் என்றது. அதே வருடம் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரை பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, இது உண்மையா கட்டுக்கதையா என்று கேட்டது; நம்பத்தகுந்த ஆதாரம் குறைவு என்றும் எழுதியது. அங்கே அந்தக் காலத்துப் பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள், பலர் நடுவயதைக் கடந்தவர்கள். அந்தப் பிரிவு ஆண்களிடம் எந்த வேலையில் இருந்தாலும் தற்கொலை விகிதம் கூடுதல்தான். அந்த எண்ணை எடுத்துவந்து பாம்பன் கரையில் ஒருவருடைய ஜாதகத்தில் எழுத முடியாது. நீங்கள் செய்திகளைத் தேடிப் படிப்பது உண்மை அறிவதற்காக அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்று மணிக்கு மனம் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்புக்குச் சாட்சி தேடுகிறது. அந்தத் தேடலை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அதற்காக உங்கள் வேலை லேசானது என்று சொல்ல மாட்டேன். பயந்து இறுகிக் கிடக்கும் மனிதரின் வாய்க்குள், விரல்கூடச் சரியாக நுழையாத இடத்தில், நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வேலை. ஒரு மில்லிமீட்டர் தவறினால் தவறியதுதான். வருகிற யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வலியைத் தீர்த்த அதே கையால் காசையும் கேட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்று கம்ப்ரசரைத் தின்கிறது, அதற்கும் காசு. எல்லாவற்றையும்விட, பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கு வராந்தாவில் புலம்ப நாலு டாக்டர் இருக்கிறார்கள். உங்கள் இரண்டு அறைக் கிளினிக்கில் உங்களுக்கு யாரும் இல்லை. மன அழுத்தமும் கழுத்து, முதுகு வலியும் பல் மருத்துவர்களிடம் அதிகம் என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை கிடையாது. கழுத்து வலி, விரல் மரமரப்பை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் வலி இருந்தால் யாருக்கும் மனம் சோரும்.

நண்பர் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அதே எண்ணம் வரும் வாய்ப்பு கூடும். நீங்கள் அவருக்காக அழுதீர்களா என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். உங்கள் இருவரையும் தெரிந்த ஒரு நண்பரை மட்டும் கூப்பிட்டு, போனவரைப் பற்றிப் பேசுங்கள்.

எனக்குத் தெரிகிற பல்

விடிகாலை விழிப்பு. சாப்பாடு மண்ணாக இருக்கிறது. மகள் வரைந்த படத்தைக் காட்டியபோது "நல்லா இருக்கு" என்று வாய் சொன்னது, உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் 36-ம் எண் பல்லுக்குப் பதில் 37-ஐத் திறக்கப் போய்க் கடைசி நொடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். "அப்பாவின் படகை முழுங்கிவிட்டேன்" என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை எழுதித் தருவது முறையல்ல. ஆனாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் நாங்கள் முதலில் நினைப்பது மனச்சோர்வு நோயைத்தான். அது குணமாகும் நோய்.

மனச்சோர்வு, பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளை மாதிரி. விற்ற படகை எழுதும். ஒன்பது வருடமாக உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பல்வலிக்கு ராமநாதபுரம் பஸ் ஏறாமல் இருப்பதை எழுதாது. உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், அவர் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

சிகிச்சை என்றால் பேச்சும் மருந்தும். ரத்தசோகை, தைராய்டு, பி12 எல்லாம் ஒருமுறை பார்ப்போம். மனச்சோர்வு மருந்து பிடிக்க இரண்டிலிருந்து நான்கு வாரமாகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. தூக்கம் பெரும்பாலும் அதற்கு முன்பே திரும்பும். மனச்சோர்வு மருந்து, தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்கும் மருந்து அல்ல. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இப்போது போடும் மாத்திரையையும் கடிதம் படித்த வேகத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள், அவர் குறைத்துத் தருவார். தனக்குத் தானே மருந்து எழுதுவது மட்டும் இன்றோடு முடியட்டும். உங்கள் பல்லுக்கு நீங்களே வேர் சிகிச்சை செய்துகொள்வீர்களா?

பதிவு, போலீஸ், ஏர்வாடி

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டார் என்பதற்காக ஒருவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லி 1948-ம் ஆண்டு பல் மருத்துவர் சட்டம் சொல்லவில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி உங்களைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்க முடியாது. அதே சட்டத்தின் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த புதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே வரவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி மட்டும்தான் அதில் குற்றம். எண்ணத்தை ஒரு மருத்துவரிடம் சொல்வதற்கு எந்தக் காலத்திலும் தண்டனை இருந்ததில்லை.

ஏர்வாடியைப் பற்றி எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். நம் மாவட்டத்தில் மனநோய் என்றாலே அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வருகிறது, அதில் தப்பில்லை. ஆனால் இன்று சங்கிலியில் கட்டுவதே சட்டப்படி குற்றம். தர்காவிலேயே துவாவோடு மருந்தும் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. நீங்கள் வரப்போவது புறநோயாளிப் பிரிவுக்கு. சீட்டு வாங்கி, பேசிவிட்டு, மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். ஒளிக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: பார்க்கும் மருத்துவருக்கு ஆபத்து மிக அருகில் இருப்பதாகத் தெரிந்தால் சில நாள் சேர்ந்திருக்கச் சொல்வார். சொன்னால் சம்மதியுங்கள். அந்தச் சில நாள், பல்லை எடுக்காமல் வலியை அடக்கும் நேரம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தால் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு ஒரு மருத்துவர் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து என்னைப் பார்த்தார். இன்று அவரே தன் நோயாளிகளுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார்.

நோட்டீஸும் கடனும்

நான் வக்கீல் அல்ல, ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று மணிக்கு விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் தீர்ப்பு அல்ல, இன்னும் வழக்குகூட அல்ல. அதில் சொன்ன கெடுவுக்குள் உங்கள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும், அவ்வளவுதான். தொழில்முறைக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். வேர் சிகிச்சையில் ஃபைல் உடைவது எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ள சிக்கல். விளைவு கெட்டது என்பதற்காகவே அலட்சியம் ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதாதது உங்கள் பலவீனம், மறைக்க முடியாது. அதை இப்போது பழைய தேதியில் எழுதிச் சேர்க்க மட்டும் கை போக வேண்டாம். சின்னப் பிழை பெரிய பொய்யாகிவிடும். எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அந்த நோயாளியை அனுப்பச் சம்மதம் என்று பதிலில் சேர்க்கலாமா என வக்கீலைக் கேளுங்கள். நிலைமை மோசமாகப் போனால் நுகர்வோர் ஆணையம் இழப்பீடு தரச் சொல்லும். அது சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல.

மூன்றாவது தவணை தவறினால் சேரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும், அது கெடுதல்தான். அப்போதும் ஜப்தி மறுநாள் வராது; அடமானம் இருக்கும் கடனில்கூட 2002-ம் ஆண்டுச் சட்டப்படி முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அந்த 90 நாளுக்கு முன்பே மேலாளரை நேரில் பாருங்கள். தடைக்கால மாதங்களில் தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடலோரக் கிளைக்குத் தடைக்காலத்தைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனைவியையும் கூட்டிப் போங்கள். ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. ஒன்பது மணி அழைப்புகளைத் தேதியோடு குறித்து வங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கிளினிக்கை மூடலாமா?

மூடலாம். மதுரையில் சம்பள வேலைக்குப் போகலாம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போது அரசுப் பல் மருத்துவர் பணிக்கு எழுதலாம். எதுவும் கேவலம் இல்லை; படகை விற்றுப் படித்த படிப்பு கிளினிக்கின் போர்டில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் இப்போது முடிவெடுக்காதீர்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆகட்டும், தூக்கம் திரும்பட்டும். அப்போதும் மூடத் தோன்றினால் உட்கார்ந்து பேசி மூடுவோம்.

அதுவரை, 15 நாள் விடுமுறை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். பாதி சிகிச்சையில் இருப்பவர்களை ராமநாதபுரத்தில் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்புங்கள். பல் எண் மாறிப்போன கையோடு நீங்கள் வேலை செய்யாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது. அதற்குப் பிறகு திறக்கும்போது காலை மட்டும். வாரத்தில் ஒரு நாள் வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரை வரவழைத்து, சிக்கலான பல்லை அவரோடு சேர்ந்து பாருங்கள். வருமானம் பிரியும்தான், ஆனால் பேச ஓர் ஆள் இருப்பார்.

நாளைக் காலை கிளம்புங்கள். மனைவி பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லட்டும். மாத்திரை அட்டை, பழைய ரத்தப் பரிசோதனை இருந்தால் அது, வக்கீல் நோட்டீஸின் நகல், மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் தருவார்கள், முதல் பஸ்ஸையே பிடியுங்கள். பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.